இலையுதிர்கால விருந்தில் இளம் ஒயின்

பிரான்சிலோ அமெரிக்காவிலோ பிள்ளைகளை வைத்திருக்கும் நம் சங்கத்து அன்பர்கள் நவம்பர் மாதத்தில் அங்கே போய்த் தங்க நேர்ந்தால், ஒரு சங்கடம் காத்திருக்கிறது. சம்பந்தி வீட்டிலோ அண்டை வீட்டிலோ விருந்துக்கு அழைப்பார்கள். மேஜை மேல் பளிச்சென்று ஊதாச் சிவப்பில் ஒரு புட்டி இருக்கும். "இந்த வருஷத்துப் புது ஒயின்" என்று பெருமையோடு ஊற்ற வருவார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் மனம் நோகுமோ, வாங்கிக்கொண்டால் நம் வீட்டு வழக்கம் என்னாவது என்று கை தடுமாறும். குடிப்பதும் குடிக்காததும் அவரவர் விஷயம். ஆனால் அது என்ன பொருள், ஏன் அந்தப் பருவத்தில் மட்டும் வருகிறது, எந்த உணவோடு ஏன் சேர்கிறது என்று தெரிந்திருந்தால் சங்கடம் பாதி குறையும். பணிக்காலம் முழுவதும் மின்சார எஞ்சின் பராமரிப்பில் இருந்தவன் நான். எந்தப் பொருளையும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் விட மனம் வராது. லியோன் நகரில் இருக்கும் என் மகள் வீட்டில் இரண்டு இலையுதிர்காலங்களைக் கழித்தபோது விசாரித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

லியோனுக்கு வடக்கே, மாக்கோன் நகரம் வரை, ஸோன் ஆற்றின் மேற்குக் கரையில் நீளும் குன்றுப் பிரதேசத்துக்கு போஜொலே என்று பெயர். அங்கே விளையும் கறுப்புத் திராட்சை கமே. இந்தக் கொடிக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1395-ல் பர்கண்டியை ஆண்ட பிலிப் என்ற பிரபு, கமே துரோகக் கொடி, அதை வேரோடு பிடுங்குங்கள் என்று ஆணையிட்டார். ஏராளமாகக் காய்க்கும், ஆனால் ஒயின் தரமாக இராது என்பது குற்றச்சாட்டு. பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் அதே கொடி நன்றாகவே வந்தது. சீக்கிரம் பழுக்கும், துவர்ப்புக் குறைவு, பழவாசனை அதிகம். இளமையிலேயே குடிக்க ஏற்ற ஒயினுக்கு வேண்டிய குணங்கள் இவை.

அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே புது ஒயினைப் பீப்பாயோடு ஆற்றில் ஏற்றி லியோனுக்கு அனுப்புவது அங்கே பழைய வழக்கம். பட்டுத் தறிகள் நிறைந்த அந்த நகரத்தின் சிறு உணவுக் கடைகளில் அது குடம் குடமாகச் செலவானது. ரோன், ஸோன் ஆகிய இரண்டு ஆறுகளோடு மூன்றாவதாக போஜொலேயும் லியோனில் ஓடுகிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பாரிஸுக்கோ, படகில் லுவார் ஆற்றையும் பிரியார் கால்வாயையும் கடந்துதான் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் – லியோன் ரயில் பாதை வந்த பிறகே அந்தத் தூரம் சுருங்கியது. (எங்கள் துறையின் பெருமையை ஓரிடத்திலாவது சொல்லிக்கொள்ள வேண்டாமா? ரொமனேஷ் என்ற ஊரில் ரயில் நிலையத்தை ஒட்டியே ஒரு ஒயின் காட்சியகம் 1993 முதல் இருக்கிறது. வந்தவர்கள் புட்டிகளைப் பார்த்தார்கள். நான் நிலையத்தைப் பார்த்தேன்.)

1951 செப்டம்பரில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது: தர முத்திரை பெற்ற ஒயின்களை டிசம்பர் 15-க்கு முன் விற்கக் கூடாது. போஜொலே விவசாயிகள் முறையிட்டார்கள். அவர்கள் பிழைப்பே புது ஒயினில்தான் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று விலக்கு கிடைத்தது. போஜொலே நூவோ, அதாவது புது போஜொலே, சட்டப்படி பிறந்த நாள் அதுவே. 1967-ல் நவம்பர் 15 என்று தேதி நிலைத்தது. அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் லாரிக்கும் கடைக்கும் தொல்லை. ஆகவே 1985 முதல் நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை என்று மாற்றினார்கள்.

இனி, செய்முறை. என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது.

சாதாரணச் சிவப்பு ஒயினுக்குத் திராட்சையை நசுக்கி, சாறு, தோல், விதை எல்லாவற்றையும் ஒன்றாக ஊறவைத்துப் புளிக்க விடுவார்கள். வாரக்கணக்கில் ஊறும்போது தோலிலும் விதையிலும் இருந்து நிறத்தோடு துவர்ப்பும் இறங்கும். அந்தத் துவர்ப்பு அடங்க மாதங்கள், சில ஒயின்களுக்கு வருஷங்கள் ஆகும். நவம்பரில் குடிக்க வேண்டிய ஒயினுக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஆகவே போஜொலேயில் பழத்தை நசுக்குவதில்லை. குலையைக் கையால் பறித்து, குலை குலையாகவே பெரிய தொட்டியில் நிரப்பி மூடிவிடுகிறார்கள். மேலே உள்ள பாரம் தாங்காமல் அடியில் உள்ள பழங்கள் தாமாக நசுங்கும். அந்தச் சாறு ஈஸ்ட்டால் புளித்து, கரியமில வாயுவை வெளிவிடும். காற்றைவிடக் கனமான அந்த வாயு தொட்டியை நிரப்பி, காற்றை வெளியே தள்ளிவிடும். மேலே உள்ள முழுப் பழங்களுக்கு இப்போது பிராணவாயு இல்லை. மூச்சு முட்டிய பழம் தன்னுள் இருக்கும் நொதிகளைக் கொண்டே சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாராயமாக மாற்றத் தொடங்குகிறது. ஈஸ்ட் அதைத் தொடுவதே இல்லை. பழத்துக்குள்ளேயே ஏறத்தாழ 2 சதவிகிதம் சாராயம் சேர்ந்ததும் அதற்கு மேல் தாங்காமல் பழம் தளர்ந்து வெடிக்கும். அதற்குள் புளிப்பில் கணிசமான பகுதி குறைந்திருக்கும், தோலின் நிறம் உள் சதைக்கு இறங்கியிருக்கும். வாழைப்பழம், செர்ரி, ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றை நினைவூட்டும் வாசனைகளும் உண்டாகியிருக்கும். நான்கைந்து நாட்களில் பிழிந்து, மீதிச் சர்க்கரையை ஈஸ்ட் தின்ன விட்டு, தெளியவைத்து, வடிகட்டிப் புட்டியில் அடைக்கிறார்கள்.

கரியமில வாயுவில் வைத்த திராட்சையின் சுவை மாறுகிறது என்பதைப் பாஸ்டர் 1872-லேயே கவனித்திருக்கிறார். 1934-ல் மிஷேல் ஃப்ளான்ஸி என்ற ஆராய்ச்சியாளர் திராட்சையைக் கெடாமல் வைக்க வழி தேடிக் கரியமில வாயுவில் வைத்துப் பார்த்தார். பழம் நிலைக்கவில்லை. ஆனால் உள்ளே நடப்பது என்ன என்று முறையாக ஆராயும் வழி திறந்தது. போஜொலே விவசாயியோ காரணம் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துகொண்டிருந்தான்.

அந்தத் தொட்டி அறைகளில் வாயு ஆளையும் கொல்லும். பாழுங்கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுவதும், காப்பாற்ற இறங்கியவரும் விழுவதும் நம் ஊரில் கேட்ட செய்திதானே. அங்கேயும் அதே ஆபத்து.

விநியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலகம் முழுவதற்குமான சரக்கு, ஒரே நாள், நள்ளிரவு 12 மணிக்கு முன் ஒரு புட்டியும் விற்கக் கூடாது. சரக்கை முன்கூட்டியே அனுப்பி, கிடங்குகளில் பூட்டி வைக்கிறார்கள். 1970-களில் முதல் புட்டியை பாரிஸுக்கும் லண்டனுக்கும் யார் கொண்டு சேர்ப்பது என்று கார்ப் பந்தயமே நடந்தது. கடிகாரம் நவம்பரில் பிரான்சைவிட 8 மணி நேரம் முந்தி ஓடுவதால் ஜப்பான்காரர்கள், விளைந்த ஊர்க்காரர்களுக்கு முன்பே குடித்துவிடுகிறார்கள்! கால அட்டவணையோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இப்போது விருந்துக்கு வருவோம். அறுசுவையில் துவர்ப்பு என்று நாம் சொல்வது சிவப்பு ஒயினில் நிறைய உண்டு. பாக்கு மென்றால் வாய் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்ச்சி அது. துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் நாக்கு வறளுகிறது. கொழுப்பு நிறைந்த மாட்டிறைச்சியோடு அந்தத் துவர்ப்பு பொருந்தும். அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் விருந்துக்குச் சுடும் வான்கோழி கொழுப்புக் குறைந்த, உலர்ந்த இறைச்சி. துவர்ப்பான ஒயினைச் சேர்த்தால் வறட்சி இரட்டிப்பாகும். தவிர அந்த மேஜையில் இனிப்பும் புளிப்புமான கிரான்பெர்ரிக் கூழ், சர்க்கரைவள்ளி, பூசணிப் பணியாரம் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். இத்தனைக்கும் ஈடுகொடுப்பது துவர்ப்புக் குறைந்து, புளிப்பும் பழவாசனையும் எடுப்பாக இருக்கும் இளம் ஒயின்தான். நாளும் வசதியாக அமைந்துவிட்டது. அந்த விருந்து நவம்பர் நான்காவது வியாழக்கிழமை. புது ஒயின் வருவது சரியாக ஏழு நாள் முன்பு.

ஐரோப்பாவில் இந்தப் பொருத்தம் இன்னும் பழையது. நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளில் செக் நாட்டில் சுட்ட வாத்தோடு புது ஒயினைத் திறக்கிறார்கள். இத்தாலியில் புது ஒயினுக்கு நோவெல்லோ என்று பெயர், துணைக்குச் சுட்ட செஸ்ட்நட் கொட்டை. லியோனில் பன்றித் தொத்திறைச்சியும் பாலாடைக்கட்டியும்.

நான் சைவம். ஆகவே எனக்குக் கிடைத்தது காளான் வதக்கல், பூசணி சூப், சுட்ட செஸ்ட்நட். அறிமுகத்துக்காக அரைக் கோப்பை வாங்கிக்கொண்டேன். 12, 13 டிகிரிக்குக் குளிர்வித்து ஊற்றினார்கள். இதைவிடச் சூடானால் வாழைப்பழ வாசனை திகட்டும். செஸ்ட்நட்டின் மாவுத் தித்திப்போடு அது நன்றாகச் சேர்ந்தது. காளானோடு பரவாயில்லை. மறுநாள் மகள் செய்த உருளைக்கிழங்கு வறுவலோடு ஒரு மிடறு பார்த்தேன், தோஷமில்லை. ரசத்தோடு அறவே சேராது. மிளகும் புளியும் சேர்ந்து ஒயினை ஒன்றுமில்லாமல் செய்துவிடுகின்றன. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சைவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒயினைத் தெளிவிக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின், மீன் பசை இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பது பழைய வழக்கம். பெண்டனைட் என்ற களிமண்ணாலும் தெளிவிக்கலாம். எதனால் தெளிவித்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கூட வரும் பாலாடைக்கட்டிகளில் பலவும் கன்றின் இரைப்பை நொதியால் உறையவைத்தவை.

இவ்வளவு எழுதுவதால் குடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சம்பள நாளன்று ரயில்வே காலனியில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் போனது என்று பார்த்தவன் நான். எங்கள் ஷெட்டில் கை சுத்தமான ஃபிட்டர் ஒருவர், 40 வயதைத் தாண்டவில்லை. ஆகவே லியோனில் முதல் நாள் அந்தப் புட்டியைப் பார்த்தபோது எனக்கு வந்தது ஆவலைவிடக் கோபம்தான். அங்கே நான் கண்ட வேற்றுமை இது: உணவு இல்லாமல் அதை யாரும் தொடவில்லை, எண்பது வயதுப் பாட்டியும் பேரனும் ஒரே மேஜையில் இருந்தார்கள், ஒரு புட்டியை ஆறு பேர் பங்கிட்டார்கள். அதனால் அது தீங்கற்றது ஆகிவிடாது. இதிலும் ஏறத்தாழ 12, 13 சதவிகிதம் சாராயம் இருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் நம் வயதுக்காரர்கள் மருத்துவரைக் கேளாமல் மரியாதைக்காகக் கோப்பையை வாங்க வேண்டியதில்லை. கையில் திராட்சை ரசம் வைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னாலும் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. நானே பார்த்தேன்.

திராட்சை மது தமிழருக்குப் புதிதும் அல்ல. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் பேசுகிறது. அது வந்த சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன.

புது ஒயினால் போஜொலேக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பறித்த இரண்டு மாதத்தில் விவசாயி கையில் காசு. ஜார்ஜ் டுபெஃப் என்ற வியாபாரி, 2020-ல் காலமானவர், அதை உலகம் அறிந்த பெயராக்கினார். ஆனால் தேவை பெருகியபோது சிலர் தரத்தைக் கவனிக்காமல் விளைவித்தார்கள். 2001-ஆம் ஆண்டு விளைச்சலில் ஒரு பகுதி விலைபோகாமல் வடித்தெடுக்க அனுப்பப்பட்டது. அதைவிட வருந்தத்தக்கது, மோர்கோன், ஃப்ளூரி, முலேன்-ஆ-வான் முதலிய பத்து ஊர்களில் அதே கமேயில் வருஷக்கணக்கில் நிற்கும் அருமையான ஒயின் செய்கிறார்கள் என்பதை உலகம் மறந்தது. அவற்றை நூவோ என்று விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. விருந்துக்குப் பரிசாக ஒரு புட்டி வாங்கிப்போக நினைப்பவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கினால் வீட்டுக்காரர் மகிழ்வார்.

நாசிக் பக்கம் இருக்கும் அன்பர்கள், நம் ஊரிலும் இப்படி ஒன்று வருமா என்று கேட்கலாம். அங்கே ஒயின் திராட்சையைப் பறிப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. புது ஒயின் என்று செய்தால் ஹோலிக்கு வரும், தீபாவளிக்கு வராது.

நூவோ புட்டியை யாராவது பரிசளித்தால் அலமாரியில் சேமித்து வைக்க வேண்டாம். வசந்தத்துக்குள் வாசனை போய்விடும். குடிக்காத வீடாக இருந்தால், பேரிக்காயைத் தோல் சீவி, சர்க்கரை, இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டையோடு அந்த ஒயினில் மெல்ல வேகவைப்பார்கள். சாராயம் பெரும்பகுதி ஆவியாகிவிடும், முழுவதும் போகாது. பேரிக்காய் செக்கச் செவேலென்று இருக்கும்.