எந்த மலையில் தொடங்குவது?

செமஸ்டர் தேர்வு முடியும் நேரத்தில் மலையேற்றம் பற்றிக் கேட்க என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் மலையை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். எந்த ஷூ வாங்கலாம், யாரிடம் பணம் கட்டலாம் என்பது மட்டும்தான் அவர்களுக்குப் பாக்கி. அறைத் தோழன் போட்ட ரீல்ஸில் பார்த்த மலையாக இருக்கும். இல்லையென்றால் பெயருக்குப் பக்கத்தில் ஆறாயிரம் என்ற எண் போட்ட மலையாக இருக்கும். சில ஆண்டுகளாக இன்னொரு வகையினரும் வருகிறார்கள். அப்பாவே பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "சார், இவன் வயசுல யாரும் ஏறாத சிகரமா ஒண்ணு சொல்லுங்க, சர்ட்டிஃபிகேட் கிடைக்கணும்" என்கிறார். பையன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். இந்த இரண்டு விதமாகவும் மலைக்குப் போன பிள்ளைகளில் பலர் அதற்குப் பிறகு எந்த மலைப் பக்கமும் தலைவைக்கவில்லை. நல்ல கால்களும் நல்ல மூச்சும் உள்ள பிள்ளைகள் அப்படி விலகிப்போவது எனக்குத் தாங்கவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாட்டின் உயரமான சிகரங்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்தவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். காஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம். 1955இல் நேபாளப் பக்கமிருந்து முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். இன்று சிக்கிம் பக்கமிருந்து ஏற அனுமதி இல்லை. முழுக்க இந்திய எல்லைக்குள் இருப்பவற்றில் உயரமான நந்தா தேவியைச் சுற்றியுள்ள உள் சரணாலயம் 1980களின் தொடக்கத்திலிருந்து மூடிக் கிடக்கிறது. அதன் உயரம் 7,816 மீட்டர். 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட்டில் ஏறலாம். 1931இல் ஃபிராங்க் ஸ்மைத்தின் குழு அதில் ஏறியபோது, அதுவரை மனிதர் கால் வைத்த சிகரங்களில் அதுவே உயரமானது. ஆனால் அது பல வருடப் பழக்கம் உள்ளவர்களின் மலை. இவற்றை அறிந்துகொள்ளுங்கள், வரலாற்றைப் படியுங்கள். பணம் கட்டும் பட்டியலில் மட்டும் சேர்க்காதீர்கள்.

நம் பக்கத்து மலைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்தவைதான். தென்னிந்தியாவின் உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் நினைத்தபோது ஏற முடியாது. தொட்டபெட்டா உச்சிக்கு வேனிலேயே போய்விடலாம். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் மூங்கில் தடியோடு ஒரே இரவில் ஏறி இறங்குகிற பிள்ளை, தன் முழங்காலைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொள்கிறது. ஆனால் உயரம் உடலை என்ன செய்யும் என்று வெள்ளியங்கிரி சொல்லித் தராது. காட்டுப் பாதைகளில் நடந்து பழக வேண்டுமானால் வனத்துறை 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. வழிகாட்டியோடு, முறையான அனுமதியோடு போகலாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீ எத்தனை இளம் உயிர்களைக் கொண்டுபோனது என்று நினைவிருப்பவர்கள் அனுமதி என்ற சொல்லை அலட்சியமாகக் கடக்க மாட்டார்கள்.

இமயத்தில் கேதார்காந்தா, சந்திரசிலா போன்ற நாலாயிரம் மீட்டருக்குக் கீழான நடைகள் நல்லவைதான். குளிர்காலத்தில் கேதார்காந்தாவில் கூட்டம் நெரிகிறது என்பதைத் தவிர எனக்கு அவற்றின் மேல் புகார் இல்லை.

என் புகார் எல்லாம் லடாக் பக்கத்து ஆறாயிரங்களின் மேல்தான். இன்று கல்லூரி வளாகங்களில் அதிகம் விற்கப்படுவது அந்தக் கனவுதான்: முன் அனுபவம் தேவையில்லை, பத்துப் பன்னிரண்டு நாள், கையில் ஆறாயிரம் மீட்டர் சிகரம். முன்பு ஸ்டோக் காங்ரி இந்த இடத்தில் இருந்தது. கூட்டம் பெருகி, குப்பை சேர்ந்து, கீழே இருக்கும் ஸ்டோக் கிராமத்தின் தண்ணீருக்கே ஆபத்து என்றானபோது ஊர் மக்களின் முயற்சியால் 2020இல் அது மூடப்பட்டது. கூட்டம் அப்படியே காங் யாட்சே இரண்டு என்ற சிகரத்துக்கு நகர்ந்தது. மலை மாறியதே தவிர, விற்கிற முறை மாறவில்லை.

இதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். சென்னையில் கடல் மட்டத்தில் இரவு தூங்கி எழுந்து, தில்லியில் விமானம் மாறி, மறுநாள் லேயில் இறங்குகிறீர்கள். லே 3,500 மீட்டர். உயர மருத்துவம் சொல்லும் பொதுவான விதி இது: மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கிய நிமிடமே அந்த விதி உடைந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய லேயில் இரண்டு மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். பத்து நாள் திட்டத்தில் அந்த நாட்களைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். பிறகு காங் யாட்சேக்குப் போகும் வழியில் மார்க்கா பள்ளத்தாக்கில் நடை. ஹங்கரிலிருந்து நிமாலிங் போகும் ஒரே நாளில் எழுநூறு மீட்டர் அளவுக்கு உயர்கிறது. அதற்கு அடுத்தது அடிவார முகாம், ஐயாயிரம் மீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து நள்ளிரவில் கிளம்பி, ஆயிரம் மீட்டருக்கு மேல் பனிச் சரிவில் ஏறி, பகல் வெயிலில் பனி இளகுவதற்குள் திரும்ப வேண்டும். உச்சியில் மூச்சுக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் பாதிக்கும் குறைவு.

இதற்கு மேல் கருவிகள். ஷூவில் க்ராம்பான் மாட்டுவது, ஐஸ் ஆக்ஸைப் பிடிப்பது, கயிற்றில் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பது, சறுக்கினால் தன்னைத் தானே நிறுத்துவது. இவற்றை முந்தின நாள் மாலை முகாமுக்குப் பக்கத்துச் சரிவில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நீச்சல் குளத்தின் ஓரத்தில் கைகால் அசைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு இரவில் கடலில் இறக்குவதைப் போன்றது அது. சறுக்கும்போது ஐஸ் ஆக்ஸின் மூக்கைப் பனியில் குத்தி உடலை அதன் மேல் அழுத்துவது, யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. குப்புற விழுந்து, மல்லாக்க விழுந்து, தலைகீழாக விழுந்து, நாள் முழுக்கப் பழகியவருக்குத்தான் தேவைப்படும் நொடியில் கை தானாகப் போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி இப்படி ஒரு குழுவில் போனாள். கல்லூரியில் தடகளம் ஓடியவள், உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிமாலிங்கில் இரவு முழுக்க வறட்டு இருமல். காலையில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது, உதடு நிறம் மாறியிருந்தது. குழுவை நடத்தியவர்கள் ஒரு மாத்திரை கொடுத்து, அடுத்த முகாமில் சரியாகிவிடும் என்றார்கள். கூட வந்த இரண்டு பையன்கள் தங்கள் சிகரத்தை விட்டுக்கொடுத்து அவளைக் கீழே இறக்கிக் கொண்டுவந்ததால் இன்று அவள் இருக்கிறாள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று லேயில் மருத்துவர் சொன்னார். உயர நோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான். இது தெரியாத குழுவோடு ஒரு தேநீர்க்கடை வரைகூடப் போகக் கூடாது என்பேன். நன்றாக ஓடுகிறவர்களுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கை ஆபத்தானது. அவர்கள்தான் வேகமாக ஏறுகிறார்கள், அதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லடாக் மோசம் என்று சொல்ல வரவில்லை. அந்த நிலத்தின் வெறுமைக்கு ஈடு கிடையாது. மணாலி வழியாகச் சாலையில், வழியில் இரவுகள் தங்கி, மெதுவாகப் போகிறவர்களுக்கு அது வேறு அனுபவம். முதல் மலையாக மட்டும் வேண்டாம்.

அப்படியானால் எதில் தொடங்குவது? என் சார்பு இதில் வெளிப்படையானது: சந்தக்பூ. மேற்கு வங்கத்தின் உயரமான இடம், வெறும் 3,636 மீட்டர். ரீல்ஸ் எடுக்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்தே முகம் சுளிக்கிறார்கள். மானேபஞ்சனில் ஏறக்குறைய 2,100 மீட்டரில் நடை தொடங்குகிறது. சிங்காலிலா முகட்டில் டும்லிங், காலிபோக்ரி என்று ஊர் ஊராகத் தங்கிப் போகும்போது உடல் தானாக உயரத்துக்குப் பழகுகிறது. ஒரு கால் இந்தியாவில், ஒரு கால் நேபாளத்தில் என்பதுபோல எல்லையை ஒட்டியே பாதை. ஏதாவது ஆனால் இறங்க ஜீப் பாதை இருக்கிறது. மேலே போனால் அக்டோபர், நவம்பரின் தெளிந்த காலைகளில் உறங்கும் புத்தரைப் போலக் காஞ்சன்ஜங்கா மலைத்தொடர் முழுவதும் கண்முன் கிடக்கும். இன்னொரு பக்கம் லோட்சே, எவரெஸ்ட், மகாலு. உலகின் ஐந்து உயரமான சிகரங்களில் நான்கை ஒரே இடத்தில் நின்று பார்க்கிற வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? என் மாணவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். மூன்றாம் நாள் யார் அமைதியாக நடக்கிறார்கள், யார் புலம்புகிறார்கள், யார் தன் தண்ணீரைப் பங்கிடுகிறார்கள் என்று பார்த்தாலே யாருக்கு மலை பிடிக்கும் என்று தெரிந்துவிடும்.

அடுத்த படி, பயிற்சிப் பள்ளி. 1953இல் டென்சிங் எவரெஸ்டில் ஏறிய பிறகு, 1954இல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. டென்சிங்கே அங்கே களப் பயிற்சிக்குத் தலைவராக இருந்தார். உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1965இல் வந்தது. மணாலியிலும் அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். உத்தரகாசியில் முதலில் டேக்லாவில் பாறை ஏற்றம். பிறகு முதுகில் சுமையோடு டோக்ரியானி பனியாறு வரை நடந்து, பனியில் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 'ஏ' கிரேடு வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சிக்குச் சேர்ப்பார்கள். தனியார் குழுக்கள் வாங்குவதோடு ஒப்பிட்டால் கட்டணமும் குறைவு. என்.சி.சி.யில் இருக்கும் மாணவர்களை இந்தப் பயிற்சிகளுக்குப் படையின் செலவிலேயே அனுப்புகிறார்கள். கல்லூரி அதிகாரியிடம் கேட்காமலே வருடங்களைக் கழித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால், 1984இல் அந்த உச்சியைத் தொடுவதற்கு முன் 1982இல் பயிற்சியின்போது கங்கோத்ரி ஒன்று, ருதுகைரா என்ற சிகரங்களில் ஏறினார். ருதுகைரா 5,819 மீட்டர்தான். அவருடைய பாதையில் அது தவிர்க்க முடியாத படி. பயிற்சி பெற்றவரை மலை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். 2022 அக்டோபர் 4 அன்று 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டண்டா இரண்டு என்ற சிகரத்தில் மேல்நிலைப் பயிற்சியில் இருந்த குழு பனிச்சரிவில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட், மகாலு இரண்டிலும் பதினாறு நாட்களுக்குள் ஏறியவர் அவர். எண்ணைப் பார்த்து மலையை எடைபோடுகிறவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்தினால் போதும்.

எல்லோருக்கும் சிகரம் வேண்டியதும் இல்லை. சிலருக்குப் பாறை பிடிக்கும். பனியில் கால் வைக்கவே தோன்றாது. சிலருக்குக் காடு போதும், பறவை போதும். சிலர் கூட்டத்தோடு நடக்கப் பிறந்தவர்கள். அவர்களைத் தனியாகக் கயிற்றில் கட்டினால் வாடிப்போவார்கள். தம்பி, தங்கைகளே, உங்களுக்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். சிகரம் எங்கும் போய்விடாது. பயம் வந்தால் வந்தது என்று சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தவர்களைத்தான் நல்ல குழுத் தலைவர்கள் நம்புகிறார்கள். பெற்றோரே, பிள்ளை பாதியில் திரும்பி வந்தால் 'ஏன் ஏறல' என்று கேட்காமல், எந்த இடத்தில், எதைப் பார்த்துத் திரும்பினாய் என்று கேளுங்கள். பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் வர வேண்டும் என்பதைவிட, அதன் முழங்கால் நாற்பது வயதிலும் மலை ஏறுமா என்பதுதான் பெரிது.

பயிற்சி நிறுவனங்களில் இடம் உடனே கிடைக்காது, பல மாதம் காத்திருக்க வேண்டிவரும். அதனால் இந்த வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், மருத்துவச் சான்றையும் சேர்த்து. அழைப்பு வரும்வரை பத்துக் கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு, வாரம் நான்கு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் பழகும், லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள்.