சூரியனைக் குவிக்கும் ஆடி

பரவளைய ஆடி சூரியக் கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும். பிரான்சிலுள்ள ஓடெய்யோ சூரிய உலையின் 54 மீட்டர் உயர ஆடி 3,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெப்பம் தரவல்லது. என் ஆடியின் அகலமோ 80 செ.மீ.தான், ஆழம் 10 செ.மீ. அகலத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் 40 செ.மீ.

வரைபடத்தாளில் வளைவை வரைந்து அட்டையில் வெட்டினேன். அவ்வட்டையால் ஈரமணலை வழித்து மேடாக்கி, மேலே காகிதக் கூழ் அப்பினேன். காய்ந்ததும் கவிழ்த்தெடுத்து, உட்புறம் அலுமினியத் தாளைச் சுருக்கமின்றி ஒட்டினேன். (பொறுமையைச் சோதித்த வேலை இதுதான்!) குவியத்தில் கறுப்புத் தாள் உடனே புகைந்தது; ஒளியைத் திருப்பியனுப்பும் வெள்ளைத்தாள் தாமதித்தது.

ஆடியை முற்றத்திலேயே மறந்துவிட்டேன். கொடியில் தாழத் தொங்கிய தங்கையின் கருநீலப் பாவாடையில் பொத்தல் விழுந்தது! “அங்கே அவள் குனிந்திருந்தால் கண் என்னவாகும்?” என்றார் அம்மா. இப்போது சோதனை முடிந்ததும் முதல் வேலையாகச் சாக்கால் மூடுகிறேன்.