வந்தாரை வாழவைத்த தொழில்

நுழையும்முன்

பிறந்த ஊரைவிட்டு வேறொரு நாட்டுக்குச் செல்பவர் அங்கே காலூன்ற முதலில் தேடுவது ஒரு வேலை. கல்வியும் கைத்திறனும் பட்டறிவும் இருந்தும், புதிய இடத்தில் அவை எடுபடாமல் போவதுண்டு. கடல் கடந்து சென்ற தமிழரும், கடல் கடந்து தமிழகம் வந்த தமிழரும் இந்நிலையைச் சந்தித்துள்ளனர். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோர் தமிழகத்தில் தொழில் தேடிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயர் சொல்லும் கதை

சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழித்தடம் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய தென்புறநகர்ப் பகுதிகளை நகரின் துறைமுகத்தோடும் அலுவலகங்களோடும் இணைத்தது. இன்றும் வேலைக்காக நாள்தோறும் அத்தடத்தில் செல்வோர் மிகப் பலர்.

அத்தடத்தின் ஒரு முனையாகிய கடற்கரை நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், இராஜாஜி சாலையோரம் சிறு கடைகளின் நீண்ட வரிசையைக் காணலாம். மின்னணுப் பொருள்கள், நறுமணப் பொருள்கள், கைக்கடிகாரங்கள் முதலியன அங்கு விற்கப்படுகின்றன. அவ்விடத்தின் பெயர் பர்மா பஜார். சென்னையின் நடுவே ஓர் அங்காடிக்கு வேறொரு நாட்டின் பெயர் அமைந்தது ஏன்? அக்கேள்விக்கான விடை, உடைமைகளை இழந்து வந்த ஒரு மக்கள் கூட்டம் வேலை தேடிய கதையாக விரிகிறது.

புலம்பெயர்தல்

‘புலம்’ என்பது நிலத்தையும், ‘பெயர்தல்’ என்பது நீங்குதலையும் குறிக்கும். பொருள் தேடிப் பிரிதலைப் பாலைத்திணைப் பாடல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவற்றில் பிரிந்து செல்பவன் தலைவன். அவன் பொருளோடு மீள்வான் என்ற நம்பிக்கையுடன் தலைவி வீட்டில் காத்திருப்பாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த புலம்பெயர்வு இதனின்றும் வேறுபட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் பஞ்சமும் கடனும் நெருக்க, பலர் குடும்பத்தோடு கடல் கடந்தனர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் அழைத்துச் செல்லப்பட்டனர். பர்மாவின் நெல் விளையும் சமவெளிகளுக்கும், அரிசி ஆலைகளுக்கும், இரங்கூன் துறைமுகத்துக்கும் உழைப்பாளரும் வணிகரும் சென்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கு உழவர்க்குக் கடன் வழங்கும் தொழிலை நடத்தினர்.

சென்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நாடுகளிலேயே பிறந்தனர். தமிழகம் அவர்களுக்குப் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்ட ஊராக மட்டுமே இருந்தது.

இரங்கூனிலிருந்து சென்னைக்கு

இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு டிசம்பரில் சப்பானிய வானூர்திகள் இரங்கூன்மீது குண்டு வீசின. இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியா நோக்கி வந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டும் பர்மா சென்று விட்ட தொழிலைத் தொடர்ந்தனர்.

1962ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964ஆம் ஆண்டில் வணிக நிறுவனங்களும் கடைகளும் அரசுடைமை ஆக்கப்பட்டன. அதே ஆண்டில் 50, 100 கியாட் நாணயத்தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. கடையை இழந்தவரின் கையிலிருந்த சேமிப்பும் ஒரே நாளில் மதிப்பிழந்தது. நகையையும் பணத்தையும் உடன் எடுத்துச் செல்லக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. இரங்கூனில் கப்பலேறியவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். 1963ஆம் ஆண்டு முதலாக இவ்வாறு தமிழகம் வந்தோர் 1,40,000-க்கும் மேற்பட்டோர்.

அரசு ஏடுகள் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று குறித்தன. ஒருமுறையும் காணாத நாட்டுக்கு ஒருவர் ‘திரும்புவது’ எங்ஙனம்? பர்மாவில் பிறந்து வளர்ந்த இளைஞருக்குத் தமிழகம் புதிய நாடே. பேச்சு தமிழாயினும், எந்தத் தெருவில் எந்தத் தொழில் நடக்கும், யார் கடன் தருவார், யார் சொன்னால் வேலை கிடைக்கும் என்பன அவர் அறியாதவை. ஊரார் வாயிலும் அவர் ‘பர்மாக்காரர்’ ஆகவே இருந்தார்.

வந்தவர்களுள் வணிகம் அறிந்தோர் இருந்தனர். முதலீடு இல்லாத நிலையில் அவர்கள் சாலையோரத்தில் பொருள்களைப் பரப்பி விற்றனர். துறைமுகமும் தொடர்வண்டி நிலையமும் அருகருகே இருந்தமையால் அவ்விடத்தில் மக்கள் நடமாட்டம் மிகுதி. 1969ஆம் ஆண்டில் அங்கேயே அவர்களுக்கான அங்காடி அமைந்தது. அதுவே பர்மா பஜார். வெளிநாட்டுப் பொருள்கள் எளிதிற் கிடைக்காத அக்காலத்தில் அவற்றை நாடிப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்தனர்.

வேறு சிலர் பர்மாவில் உண்டு பழகிய உணவையே தொழிலாக்கினர். கடற்கரை நிலையத்தை ஒட்டிய தெருக்களில் மாலை வேளையில் விற்கப்படும் ‘அத்தோ’ பர்மிய முறையில் அமைந்த உணவு. அதனுடன் வாழைத்தண்டு சேர்ந்த சாறும் வழங்கப்படும். இழந்த நாட்டின் சுவை, வந்த நாட்டில் பிழைப்பாயிற்று.

தமிழகத்தில் காலூன்ற இயலாத சிலர் மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே மீள முயன்றனர். எல்லையைக் கடக்க இயலாமற்போகவே, எல்லையூராகிய மோரேயில் தங்கி வணிகம் செய்யலாயினர். இன்றும் அவ்வூரில் தமிழர் வாழ்கின்றனர். அங்காள பரமேசுவரி அம்மன் கோவிலும் உள்ளது.

மலையிலிருந்து மலைக்கு

1964ஆம் ஆண்டு தமிழர் வாழ்வில் மற்றொரு பெருந்துயர்க்கும் தொடக்கமாயிற்று. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். அவர்களின் எதிர்காலம் குறித்து 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இந்தியத் தலைமையமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும், இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்பாடு செய்துகொண்டனர். மொத்தம் 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இருநாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ள 1974ஆம் ஆண்டு மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. யாரிடமிருந்து கருத்துக் கேட்டிருக்க வேண்டுமோ அம்மக்கள் பேச்சுவார்த்தையில் இடம்பெறவில்லை.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தன. அங்கிருந்து அவை பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. 1984ஆம் ஆண்டில் கப்பல் போக்குவரத்து நின்றுபோகும்வரை இது தொடர்ந்தது.

மறுவாழ்வுக்காக அரசு பல திட்டங்களை வகுத்தது. வனத்துறை 1968ஆம் ஆண்டில் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இவையே 1976ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) என்னும் நிறுவனமாயின. கேரளத்தின் புனலூர்ப் பகுதியிலும் கருநாடகத்தின் சுள்ளியாப் பகுதியிலும் இரப்பர்த் தோட்டங்களில் பலர் அமர்த்தப்பட்டனர். கூட்டுறவு நூற்பாலைகளிலும் சிலர்க்கு வேலை கிடைத்தது. மிகப் பலர்க்குச் சிறு வணிகம் தொடங்கக் கடன் வழங்கப்பட்டது.

கைத்திறனும் மறுவாழ்வும்

இத்திட்டங்களின் விளைவு ஒரே தன்மையதாக அமையவில்லை. கொழுந்து பறிப்பதையும் கவாத்து வெட்டுவதையும் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைகள் நீலகிரித் தோட்டத்தில் முதல் நாளே வேலையைத் தொடங்கின. கற்றுத்தர ஆள் வேண்டியிருக்கவில்லை. ஆனால், அதே தோட்டத் தொழிலாளரை வறண்ட சமவெளிக்கு அனுப்பிக் கடை வைக்கக் கடன் கொடுத்தபோது நிலைமை வேறாயிற்று. அவர்கள் நாள்கூலியிலும் பங்கீட்டு அரிசியிலும் வாழ்ந்தவர்கள். கொள்முதல், இலாபம், கடன் தவணை ஆகியவற்றில் பழக்கமற்றவர்கள். பலரின் கடன்தொகை உணவுக்கும் மருந்துக்கும் செலவாகி மறைந்தது. கடை எழவில்லை, கடன் மட்டும் நின்றது.

சமவெளிக்கு அனுப்பப்பட்டவர்களுள் பலர் குறிக்கப்பட்ட ஊரைவிட்டுத் தாமாகவே நீலகிரிக்குச் சென்றனர். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் கூலிகளாகச் சேர்ந்தனர். எந்த அதிகாரியும் அவர்களை அங்கு அனுப்பவில்லை. கையறிந்த தொழில் அழைத்துச் சென்றது. வேறு சிலர்க்கு அத்தகைய வாய்ப்பும் அமையவில்லை. கொடைக்கானல் மலைப்பகுதியில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் பெற்ற குடும்பங்கள் கொத்தடிமைகளாகச் சிக்கின. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தும், 1980களில்தான் அவர்களின் நிலை வெளியுலகுக்குத் தெரியவந்தது.

பர்மா பஜார், நீலகிரி, கொடைக்கானல் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ‘இவர்க்கு என்ன கொடுக்கலாம்?’ என்று எண்ணுவதற்கு முன், ‘இவர்க்கு என்ன தெரியும்?’ என்று கேட்க வேண்டும். அறிந்த தொழிலும் அதற்கேற்ற இடமும் சேர்ந்த இடத்தில் வந்தவர் வேரூன்றினர். அவை பிரிந்த இடத்தில், கொடுத்த உதவியும் பயனற்றுப் போயிற்று.

தெரியுமா?
பர்மா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரின் மறுவாழ்வுக்காக 1969ஆம் ஆண்டு தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி மற்றும் மேம்பாட்டு வங்கி தொடங்கப்பட்டது. ‘ரெப்கோ வங்கி’ என இன்று அறியப்படும் இதன் தலைமையகம் சென்னையில் உள்ளது.

தகுதி இருந்தும் தடை

1983ஆம் ஆண்டு நிகழ்ந்த வன்முறையைத் தொடர்ந்து இலங்கைத் தமிழர் ஏதிலியராகத் தமிழகம் வரலாயினர். தாயகம் திரும்பியோர்க்குக் குடியுரிமை இருந்தது. ஏதிலியர்க்கு அது இல்லை. முகாம்களில் வளர்ந்த இளைஞர் பலர் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றனர். ஆயினும், அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாத நிலையில், பட்டம் பெற்றவரும் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் நாள்கூலி வேலைக்குச் செல்ல நேர்ந்தது. திறன் இருந்தும் உரிய ஆவணம் இன்மையால் கதவு திறக்காத நிலை இது. 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவர்களின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் துணைநின்றது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது.

திரிசூலத்தைக் கடக்கும்போது

கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கி வரும் தொடர்வண்டி, திரிசூலம் நிலையத்தில் வானூர்தி நிலையத்தின் எதிரே நிற்கிறது. அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்காகச் செல்லும் தமிழர் பலர். முன்பு வந்தவர் சந்தித்த வினாக்கள் இன்று செல்பவர் முன்னும் நிற்கின்றன.

இவர்களின் பாதுகாப்புக்காக 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் உள்ளது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் நடுவண் அரசிடம் பதிவு செய்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் சவூதி அரேபியா, குவைத் முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டில் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், இதே தடத்திலுள்ள கிண்டியில் இயங்குகிறது. பதிவு பெறாத முகவரின் வாய்ச்சொல்லை நம்பி, வீட்டை அடகுவைத்துப் பணம் கட்டுவோர் இன்றும் உள்ளனர். வேலையின் தன்மை, ஊதியம், வேலை நேரம் ஆகியன எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். வேலைக்கான நுழைவு இசைவு இன்றிச் சுற்றுலா இசைவில் சென்று பணியாற்றுவோர், அங்குச் சட்டத்தின் பாதுகாப்பை இழக்கின்றனர்.

தாம்பரத்தில் இறங்குவோர்

தடத்தின் மறுமுனை தாம்பரம். 1984ஆம் ஆண்டில் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் அமைந்தது. ‘மெப்ஸ்’ என்று மக்கள் வழங்கும் அவ்வளாகமும் சுற்றுப்புறக் கட்டுமானப் பணிகளும் எண்ணற்றோர்க்கு வேலை அளித்தன. இன்று ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து தாம்பரம் நிலையத்தில் வந்திறங்கும் இளைஞர், எல்லைக் கடவுச்சீட்டு இன்றியே ஒரு புதிய நாட்டுக்கு வந்தவர் போல் நிற்கின்றனர். மொழி அறியார், தெரு அறியார். கையில் ஒரு தொழில் மட்டும் இருக்கும்.

‘வந்தாரை வாழவைக்கும் தமிழகம்’ என்பது பலரும் பெருமையோடு கூறும் தொடர். வந்தாரை வாழவைத்தது எது என்று வரலாற்றைக் கேட்டால், அவர்தம் தொழிலும், அதனை மதித்து இடமளித்தோரின் மனமும் எனப் பதில் கிடைக்கும். அன்று இரங்கூன் கப்பலிலிருந்து இறங்கியவரிடம், ‘உனக்கு என்ன வேலை தெரியும்?’ என்று ஒருவர் கேட்டிருப்பார். இன்று தாம்பரத்தில் இறங்குபவரிடமும் அதே வினாவை மதிப்போடு கேட்பதே அப்பெருமையைக் காக்கும் வழி.

சொல்லும் பொருளும்
ஏதிலியர் – அகதிகள்
கவாத்து – செடியின் கிளைகளை நறுக்கிச் சீர்செய்தல்
கங்காணி – தொழிலாளரைச் சேர்த்து மேற்பார்வை செய்பவர்
கொத்தடிமை – கடனுக்காகக் கட்டுண்டு உழைப்பவர்

இலக்கணக் குறிப்பு
இழந்த (நாடு) – பெயரெச்சம்
பெருந்துயர் – பண்புத்தொகை
வந்தவர் – வினையாலணையும் பெயர்
காடும் மலையும் – எண்ணும்மை

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ வந்து தொழில் செய்யும் ஒருவரின் இசைவைப் பெற்று, அவர் முதல் வேலையைப் பெற்ற அனுபவத்தைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் தொடர் பொருத்தமானதா? வகுப்பில் கலந்துரையாடுக.
3. கடன் உதவி பெற்றும் மலையகத்திலிருந்து வந்தோர் பலர் வணிகத்தில் நிலைபெறாமைக்குக் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
4. வெளிநாட்டு வேலைக்குச் செல்ல விரும்பும் உறவினர்க்கு, அவர் கவனிக்க வேண்டியவற்றை விளக்கிக் கடிதம் எழுதுக.