புல் வெட்டுற பேட்டரிக்கு இன்வெர்ட்டர் பழக்கம் ஆகாது

அம்மிணி, புது வீட்டுத் தோட்டத்துக்கு வயர் இல்லாத புல் வெட்டுற மெஷினும், வேலிச் செடி கத்தரிக்கிற மெஷினும் வாங்கப் போறதாச் சொன்னே. நல்ல முடிவு. வாசல்ல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துட்டுப் போய், ஈரப் புல்லு மேல வயர் கிடக்க, அதைத் தாண்டித் தாண்டி வெட்டுறதுக்கு இது எவ்வளவோ பத்திரம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இந்த மாதிரி மெஷின்ல மோட்டார் சீக்கிரம் போறதில்லை. முதல்ல போறது பேட்டரி, விலை அதிகமும் அதுதான். அது நாலஞ்சு வருஷம் உழைக்கறதும், அடுத்த சித்திரைக்குள்ள படுத்துடறதும் பெரும்பாலும் நம்ம கையில இருக்கு.

நம்ம வீடுகள்ல பேட்டரின்னா இன்வெர்ட்டர் பேட்டரி. காட்டுல பேட்டரின்னா மருந்தடிக்கிற ஸ்பிரேயர்ல இருக்கிற 12 வோல்ட் பேட்டரி. ரெண்டும் பெரும்பாலும் லெட் ஆசிட் ஜாதி. "எப்பவும் ஃபுல் சார்ஜ்ல வை, காலியா விட்டா செத்துப் போயிடும்"னு அப்பா சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிப்போச்சு. அந்த பேட்டரிக்கு அது சரிதான். காலியாக் கிடந்தா உள்ளே தகட்டுல சல்பேட் படிஞ்சு இறுகிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. லித்தியம் அயன் வேற ஜாதி. அது ஃபுல்லா நிறைஞ்சு, சூடான இடத்துல, சும்மா கிடக்கறப்பதான் வேகமாத் தேயும். இந்த ஒண்ணை மனசுல வாங்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

அதனால சார்ஜ் போடறதை வேலைக்கு முந்தி வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை காலையில புல் வெட்டணும்னா சனிக்கிழமை சாயங்காலம் போடு. வேலை முடிஞ்சதும் "அடுத்த தடவைக்கு இருக்கட்டும்"னு உடனே ஃபுல் பண்ணி அலமாரியில வைக்காதே. ரெண்டு மாசம் ஊருக்குப் போறியா, மழைக்காலம் முழுக்கத் தோட்டத்துல இறங்க முடியாதா, அப்போ பேட்டரி மேல இருக்கிற நாலு லைட்டுல ரெண்டு எரியற அளவுல வச்சுட்டுப் போ. மூணு மாசத்துக்கு ஒரு தரம் பட்டனை அழுத்திப் பாரு. ஒரு லைட்டுக்கு இறங்கியிருந்தா கொஞ்சம் ஏத்தி வை. அடியோட காலியாவும் விடக்கூடாது. பேட்டரிக்குள்ள காவலுக்கு ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். அதுவும் சொட்டுச் சொட்டா கரன்ட் குடிச்சுட்டே இருக்கும். செல் ரொம்ப இறங்கிட்டா சார்ஜர் அதை ஏத்துக்காது, லைட் மட்டும் மினுக்கும். அந்த நேரத்துல வேற பேட்டரியில இருந்து வயர் போட்டு உசுப்பிக் குடுக்கறேன்னு யாராவது வந்தா வேண்டாம்னு சொல்லிடு. அதிகமா இறங்கின செல்லுல திரும்ப சார்ஜ் ஏத்தறது நெருப்போட விளையாடறது.

"முழுசா தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்"னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. பாதியில எடுத்துப் போடலாம், கால்வாசியில போடலாம். மெஷின் வேகம் குறையற மாதிரி தெரிஞ்சதும் நிறுத்திடறது பேட்டரிக்கு நல்லது. அது தானா நின்ன பிறகும் ட்ரிக்கரை அழுத்தி அழுத்திக் கடைசிச் சொட்டைப் பிழிய வேண்டாம்.

சூடு விஷயத்துக்கு வர்றேன், நம்ம ஊருக்கு இதுதான் பெரிய பகை. கத்திரி வெயில்ல தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள்ள மத்தியானம் கை வச்சுப் பாரு, மண்வெட்டிப் பூணே சுடும். அங்கே ஃபுல் சார்ஜ் பேட்டரி கிடந்தா மாசத்துக்கு மாசம் கொள்ளளவு குறையும், நமக்கு வெளியில ஒண்ணுமே தெரியாது. மெஷினை ஷெட்டுல மாட்டிக்கோ. பேட்டரியையும் சார்ஜரையும் மட்டும் கழட்டி வீட்டுக்குள்ள, வெயில் படாத ஒரு தட்டுல வை. ஸ்கூட்டர் டிக்கி, கார் பின்பக்கம், மொட்டை மாடி அறை எதுவும் ஆகாது. ஃப்ரிட்ஜும் வேண்டாம், ஈரம் கோத்துக்கும்.

வெட்டி முடிச்ச கையோட பேட்டரியைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கும். அதை அப்படியே சார்ஜர்ல சொருகாதே. நிழல்ல அரை மணி நேரம் கிடக்கட்டும், உடம்பு சூட்டுக்கும் கீழே வந்த பிறகு போடு. நல்ல கம்பெனி சார்ஜர் சூடான பேட்டரியை எடுத்துக்காம காத்திருக்கும், அதுக்குத் தனி லைட் மினுக்கும். மலிவு சார்ஜர்ல அந்த அறிவு இருக்காது, நாமதான் பார்த்துக்கணும். சார்ஜ் போடற இடம் தரையோ கடப்பைக் கல்லோ இருக்கட்டும். மெத்தை, சோபா, துணிக் கூடை பக்கம் வேண்டவே வேண்டாம். வீட்டுல எல்லாரும் தூங்கற நேரத்துலயும் வேண்டாம்.

இப்போ வாங்கற கதை. ஆன்லைன்ல பார்த்தா 48 வோல்ட், 88 வோல்ட்னு பெரிசு பெரிசா ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு கை ரம்பம், ரெண்டு பேட்டரி, ஒரு பெட்டி எல்லாம் சேர்த்து மலிவாக் குடுப்பான். கணக்குப் போட்டுப் பாரு. லித்தியம் அயன் செல் ஒண்ணோட சராசரி வோல்டேஜ் 3.6. ஃபுல் சார்ஜ்ல 4.2. அஞ்சு செல்லை வரிசையாக் கோத்தா 18 வோல்ட், நிறைஞ்சப்போ 21 வோல்ட். 18, 20 மேக்ஸ், 21னு கடையில சொல்றதெல்லாம் அனேகமா இந்த அஞ்சு செல் கோவைதான். அமெரிக்காவுல 20 வோல்ட் மேக்ஸ்னு விக்கிற டிவால்ட் பேட்டரி ஐரோப்பாவுல 18 வோல்ட்னு விக்குது. நிஜமாவே 48 வோல்ட் வேணும்னா பதிமூணு செல் வரிசையா வேணும், அது உள்ளங்கை அகலப் பெட்டியில அடங்காது. சந்தேகம் இருந்தா எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்து மல்டிமீட்டர் வச்சுப் பார்க்கச் சொல்லு. ஃபுல் சார்ஜ்ல 21ஐ ஒட்டிக் காட்டுச்சுன்னா ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருந்தாலும் அது 18 வோல்ட் பேட்டரிதான்.

அடுத்தது ஏஎச். அது எவ்வளவு நேரம் ஓடும்ங்கறதோட கணக்கு. வோல்ட்டை ஏஎச்சால பெருக்கினா வாட் அவர் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஏஎச் பேட்டரியில 36 வாட் அவர் இருக்கு. புல் வெட்டுற மெஷின் 200 வாட் இழுத்தா பத்து நிமிஷம், கொஞ்சம் கூட. 4 ஏஎச்னா அதுக்கு ரெண்டு மடங்கு. உன் தோட்டத்துக்கு 2 ஏஎச் போதாது, 4 ஏஎச்சுக்குப் போ. நேரத்துக்காக மட்டும் சொல்லலை. 4 ஏஎச் பேட்டரியில பொதுவா அஞ்சு அஞ்சா ரெண்டு வரிசை, பத்து செல் இருக்கும். அதே வேலைக்கு ஒவ்வொரு செல்லும் பாதி கரன்ட்தான் குடுக்க வேண்டியிருக்கும். சூடு குறையும், ஆயுசு கூடும். அஞ்சே செல் இருக்கிற பேட்டரி முரட்டுப் புல்லுல மூச்சு வாங்கும்.

பொய் ஏஎச்சைக் கண்டுபிடிக்க எடை போட்டுப் பாரு. விரல் மொத்தத்துல 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல்லைத்தான் 18650ன்னு சொல்றாங்க. ஒண்ணு 45 கிராமை ஒட்டி இருக்கும். அதுல அடைக்க முடியறது ஏறக்குறைய 3.5 ஏஎச். அதைவிடத் தடியான 21700 செல் சுமார் 70 கிராம், 5 ஏஎச்சை ஒட்டிப் பிடிக்கும். 18650 போட்ட பத்து செல் பேட்டரின்னா செல் மட்டுமே 450 கிராமை ஒட்டி வரணும், மேல் பெட்டி சேர்ந்தா அரைக் கிலோவுக்குக் குறையாது. சமையலறைத் தராசுல வச்சுப் பார்த்து முந்நூத்தம்பது கிராம் காட்டுற பேட்டரி மேல 12 ஏஎச்னு எழுதியிருந்தா, மறுநாளே திருப்பி அனுப்பிடு. லேபிள்ல ஐ.எஸ். 16046ங்கற எண்ணும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கான்னும் பாரு.

ஒரே கம்பெனியில ஒரே பேட்டரி வகைக்குள்ள நில்லு. புல் வெட்டுற மெஷின், வேலி கத்தரிக்கிறது, இலை ஊதற ப்ளோயர், மாமாவோட டிரில்லிங் மெஷின் எல்லாத்துக்கும் ஒரே பேட்டரி மாறி மாறிப் போடலாம். அடுத்தடுத்து வெறும் மெஷின் மட்டும் வாங்கினாப் போதும், காசு மிச்சம். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொண்ணுல பொருந்தாது. ஒரே கம்பெனிக்குள்ளயும் கவனம் வேணும். பாஷ்ல வீட்டு உபயோகப் பச்சை மெஷினோட 18 வோல்ட் பேட்டரி, தொழில்முறை நீல மெஷின்ல ஏறாது. மகிட்டாவுல 18 வோல்ட்டும் 40 வோல்ட்டும் தனித்தனி.

சார்ஜர்ல ஒரு ஆபத்து இருக்கு. மலிவு மெஷின்களோட சார்ஜர் முனை உருண்டையா ஒரு பின் மாதிரி இருக்கும். நம்ம ஸ்பிரேயர் சார்ஜர் முனையும் அதே உருண்டைதான், பல சமயம் அளவும் ஒண்ணா இருக்கும். 21 வோல்ட் சார்ஜரை 12 வோல்ட் ஸ்பிரேயர்ல சொருகினா பேட்டரி கொதிச்சு உப்பிடும். வீட்டுல ரெண்டும் இருந்தா ரெண்டு நிறத்துல இன்சுலேஷன் டேப் வாங்கி, சார்ஜருக்கும் அதோட ஜோடி பேட்டரிக்கும் ஒரே நிறத்துல ஒரு சுத்து சுத்தி வச்சிடு. வேலைக்கு வர்ற அக்காவுக்கும் காட்டிக் குடு.

வெட்டும்போது புல்லோட உயரத்தைப் பாரு. முழங்கால் உயரத்துக்குக் கோரை வளர்ந்திருந்தா அடியில வச்சு ஒரேயடியா அறுக்காதே. மேல் பாதியை முதல்ல தட்டி, அப்புறம் அடிக்கு வா. அடியிலயே அழுத்தினா தண்டு சுத்தி மோட்டார் திணறும். திணறுற மோட்டார்தான் பேட்டரியில இருந்து கன்னாபின்னான்னு கரன்ட் இழுக்கும். மெஷின் சத்தம் கம்மிப்போச்சுன்னா கையை இலேசாத் தூக்கு, சுத்து எடுத்ததும் திரும்ப இறக்கு. மழுங்கின பிளேடும் அதே கெடுதல் பண்ணும். வேலி கத்தரிக்கிற மெஷினுக்கு வேலை முடிஞ்சதும் பல்லுல ஒட்டின பால், சாறு எல்லாம் துடைச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, அடுத்த தடவை பேட்டரி நின்னு பேசும். காலைப் பனி காயட்டும், அப்புறம் இறங்கு.

இதை மட்டும் மறக்கவே கூடாது. புல் சுத்திக்கிச்சு, நைலான் நூல் தீர்ந்துடுச்சு, பிளேடு மாத்தணும், எதுவா இருந்தாலும் முதல்ல பேட்டரியைக் கழட்டிக் கீழே வை, அப்புறம் கையை உள்ளே விடு. வயர் மெஷின்னா பிளக்கைப் பிடுங்கணும்னு தோணும். இதுல வயர் இல்லாததால மெஷின் தூங்குதுன்னு மனசு நம்பிடும். தூங்கலை, ட்ரிக்கர் மேல ஒரு விரல் பட்டாப் போதும். அந்தக் கை ரம்பம் இன்னும் மோசம். இடது கையில கிளையைப் பிடிச்சுட்டு வலது கையில ரம்பத்தை ஓட்டறவங்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். ரம்பத்தை ரெண்டு கையாலயும் பிடி. ஏணி மேல நின்னு ஓட்டாதே. கண்ணாடியும் ஷூவும் போடாம எதையும் ஆரம்பிக்காதே. சின்னவன் கிட்ட வராம பார்த்துக்கோ, நைலான் நூல் தெறிக்கிற கல்லு ரொம்ப தூரம் போகும். வேலை முடிஞ்சு மாட்டும்போதும் பேட்டரி மெஷின்ல இருக்கக்கூடாது.

ஹோஸ் பைப்பை வச்சு மெஷினைக் கழுவாதே. பழைய டூத் பிரஷ், காய்ஞ்ச துணி போதும். கழட்டின பேட்டரியை ஆணி, சாவி, சில்லறை கிடக்கிற பெட்டியில போடாதே, ரெண்டு முனைக்கும் நடுவுல இரும்பு பட்டா ஷார்ட் ஆகிடும். அதோட வந்த பிளாஸ்டிக் மூடியைத் தொலைக்காம போட்டு வை, எறும்பும் அண்டாது.

கீழே பலமா விழுந்து விரிசல் விட்டது, தண்ணியில முங்கினது, சார்ஜ் போடும்போது கை வைக்க முடியாத அளவு சுடறது, இனிப்பா ஒரு மாதிரி வாடை வர்றது, இதுல எது தெரிஞ்சாலும் அந்த பேட்டரியோட கதை முடிஞ்சது. காய வச்சுப் பார்க்கலாம்னு நினைக்காதே. உஸ்ஸுன்னு புகை வர ஆரம்பிச்சா பக்கத்துல போகாதே, அந்தப் புகை விஷம். எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்து 101க்கு போன் பண்ணு. அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் திரும்பப் பத்திக்கும், அதனால தீயணைப்புக்காரங்க பார்த்துச் சொல்ற வரைக்கும் உள்ளே போகாதே.

செத்த பேட்டரியைக் குப்பை வண்டியில போட்டுடாதே. வண்டிக்குள்ள அமுக்கும்போது நசுங்கினா தீப்பிடிக்கும், கையால பிரிக்கிற தூய்மைப் பணியாளர் மேலதான் அது விடியும். ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, வாங்கின கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல குடு. 2022ல வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிப்படி அதைச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு தயாரிக்கறவங்களோடது. பழைய லேப்டாப் செல்லைப் போட்டுப் புதுசாக்கித் தர்றேன்னு சொல்ற கடைக்கும் குடுக்காதே. புதுசும் பழசுமாக் கலந்து கோத்த செல் ஒண்ணுக்கொண்ணு இழுத்துட்டு வீக்கான செல்லைத்தான் சாகடிக்கும்.

தம்பி அமெரிக்காவுல இருந்து வரும்போது வாங்கிட்டு வர்றேன்னு சொன்னானாமே. அங்கே விக்கிற சார்ஜர் நிறைய 120 வோல்ட்டுக்கு மட்டும் பண்ணினது, நம்ம 230ல சொருகினாப் போயிடும். இங்கே வாரன்டியும் கேக்க முடியாது. வெறும் பேட்டரி மட்டும் கொண்டு வர்றதுன்னா வாட் அவர் கணக்கைப் பார்க்கச் சொல்லு. 18 வோல்ட் 5 ஏஎச்னா 90, அது 100க்குள்ள இருக்கிறதால கைப்பையில வரலாம். 36 வோல்ட் 4 ஏஎச்னா 144, அதுக்கு ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். 160ஐத் தாண்டினா பயணிகள் விமானத்துல எடுத்துட்டு வரவே முடியாது. எந்த அளவா இருந்தாலும் தனி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில மட்டும் போட்டுடாதேன்னு இப்பவே அவன்கிட்ட சொல்லி வை.