வேலையை விட்டுவிட்டு எம்.சி.ஏ. சேரலாமா?

கேள்வி: பி.காம். முடித்து, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் துறைக்கு மாற எம்.சி.ஏ. உதவுமா?
– வாசகி, அகளி

பதில்: உதவும். ஆனால் வேலையை இப்போதே விடாதீர்கள். எம்.சி.ஏ. இப்போது இரண்டு ஆண்டுதான். பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் பி.காம். போதும். ஃபீஸோடு, இழக்கப்போகும் இரண்டு வருடச் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள்.

முதலில் என்.பி.டி.இ.எல். தளத்தில் மாதவன் முகுந்த் நடத்தும் பைதான் பாடத்தைப் படியுங்கள். எட்டு வாரம், படிக்கக் காசு வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு புரோகிராம் பிழை காட்டி நிற்கும்போது, அதைச் சரிசெய்யாமல் தூங்க மனம் வரவில்லையா? தாராளமாகச் சேருங்கள்.

சேரும் முன், ஆனைக்கட்டி வழியாகக் கோவை போய், கல்லூரி வாசலில் சீனியர்களிடமே கேளுங்கள்: போன வருடம் யாருக்கு, என்ன வேலை கிடைத்தது? விளம்பரத் தட்டியை நம்பாதீர்கள். உங்கள் ஜி.எஸ்.டி. அனுபவத்தையும் விட்டுவிடாதீர்கள், கணக்கு மென்பொருள் நிறுவனங்களில் அதற்கு மதிப்புண்டு.