சின்னக் கைகளுக்கு ஏற்ற தூண்டில்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்பது நம் குடும்பங்களில் வருடந்தோறும் எழும் கேள்வி. வங்காளத்தில் வாழும் நமக்கு இதற்கு ஒரு விடை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அதுதான் குளமும் தூண்டிலும். கரக்பூரிலிருந்து சில கிலோமீட்டர் சைக்கிளில் போனால் குளமில்லாத கிராமத்தைக் காண்பது அரிது. ஆனால் பிள்ளைக்கு முதல் தூண்டில் வாங்குவதில் பெரியவர்கள் தவறிவிடுகிறோம். நானே தவறியவன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் பேரனுக்கு ஏழு வயதானபோது, வாங்குவதை நல்லதாக வாங்குவோம் என்று ஒன்பது அடிக் கார்பன் கோலும் பெரிய ரீலும் வாங்கினேன். கோல் அவனைப் போல் இரண்டு மடங்கு உயரம். ரீலின் கைப்பிடியைப் பிடித்தால் கோலைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது வீச்சில் நரம்பு சிக்கிக் காக்கைக் கூடாகிவிட்டது. ஒரு மணி நேரம் நான் சிக்கெடுத்தேன், அவன் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தான். பிறகு, "தாத்தா, வீட்டுக்குப் போகலாம்" என்றான். அடுத்த ஆறு மாதம் தூண்டில் என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை. குழந்தைக்குத் தேவை பெரிய மீன் அல்ல. தானே செய்தோம் என்ற திருப்தி. ஆகவே, பெரியவர் உதவியில்லாமல் குழந்தை தானே இயக்கக்கூடியதுதான் நல்ல கருவி. வயதுவாரியாகப் பார்ப்போம்.

1. நான்கு முதல் ஆறு வயது வரை: ரீலே வேண்டாம். வங்காளிகள் 'ஹாத் சிப்' என்று சொல்லும் மூங்கில் கோல் போதும். ஆறடிக் கோல், அதன் நுனியில் கோலின் நீளத்திற்கே நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள். வீசத் தெரிய வேண்டாம், ஆட்டி விட்டால் போதும். குளக்கரையோரம் திரியும் புட்டி மீனும், நாம் ஜிலேபிக் கெண்டை என்னும் திலாப்பியாவும் இதற்கு அகப்படும்.

2. ஏழு முதல் ஒன்பது வயது வரை: நான்கரை அல்லது ஐந்தடிக் கோலும், பொத்தான் வைத்த மூடிய ரீலும். கோல் ஃபைபர் கிளாஸ் ஆக இருக்கட்டும். கார்பனைவிடச் சற்றுக் கனம், ஆனால் தரையில் போட்டாலும் மிதித்தாலும் எளிதில் முறியாது.

3. பத்து வயதுக்கு மேல்: ஆறடிக் கோலும், 1000 அல்லது 2000 என்று எண்ணிட்ட திறந்த ஸ்பின்னிங் ரீலும். கைப்பிடியை இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இதில் உண்டு. இடதுகைப் பிள்ளைகளுக்கு நல்லது.

பொத்தான் ரீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஆர். டி. ஹல் என்ற கடிகாரத் தொழிலாளி, மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும்போது அசையாத நூல்கண்டிலிருந்து நூல் சிக்கலின்றி உருவி வருவதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். கண்டு சுழன்றால்தானே வேகம் மிஞ்சிச் சிக்கு விழும்? கண்டை நிறுத்திவிட்டு நூலை மட்டும் உருவவிட்டால்? இந்த யோசனையில் பிறந்த ரீல் 1949-இல் டல்சா நகரில் விற்பனைக்கு வந்தது. செய்தது எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிப்பொறி தயாரித்த கம்பெனி. பிற்காலத்தில் அதுவே ஜெப்கோ என்ற பெயர் பெற்றது. இன்றும் அந்நாட்டில் கிராப்பி போன்ற சிறு குளத்து மீன் பிடிக்கப் போகும் பல பிள்ளைகளின் முதல் ரீல் இவ்வகைதான்.

இயங்கும் விதம் எளிது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நரம்பு நிற்கும். கோலை முன்னால் வீசும்போது விரலை எடுத்தால், மூடியின் துளை வழியே நரம்பு பறக்கும். கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ஒரு சிறு ஊசி வெளிவந்து நரம்பைப் பற்றிச் சுற்றும். வீட்டு முற்றத்தில் முள் இல்லாமல், ஒரு ரப்பர் துண்டைக் கட்டி அரை மணி பழகினால் போதும். குறையும் உண்டு. வெகுதூரம் போகாது, மூடிக்குள் சிக்கு விழுந்தால் வெளியே தெரியாது. இழுப்பு கடினமானால் மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். வீடு வந்ததும் மூடியைக் கழற்றி உலர்த்துங்கள்.

எந்த ரீலானாலும் 'டிராக்' என்ற திருகு இருக்கும். இது இயந்திரக் கிளட்ச் போன்றதுதான். மீன் அளவுக்கு மீறி இழுத்தால் நரம்பு அறுவதற்குப் பதில் சற்று வழுக்கி நீளும். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கில் வழுக்கும்படி வையுங்கள். 0.25 மில்லிமீட்டர் நரம்பு சுமார் நான்கு கிலோ தாங்கும் என்றால், வில் தராசில் கட்டி இழுக்கும்போது ஒரு கிலோவில் நரம்பு நகர வேண்டும். குழந்தைக்கு இதைவிடத் தடித்த நரம்பு வேண்டாம். தடித்தால் சுருளும், சிக்கும்.

முள்ளின் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கம்பி கேஜ் போல, எண் கூடக்கூட முள் சிறிதாகும். சிறு மீன்களுக்குப் பத்தாம் எண் சரி. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனிடமிருந்தும் விரலிலிருந்தும் எளிதாகக் கழன்றுவரும். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் பயமின்றி வரலாம். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து உடனே நீரில் விட்டால் அது பிழைக்கும். தக்கை மெல்லியதாக இருக்கட்டும். ஈயக் குண்டுகளைக் கூட்டிக் குறைத்து, தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும்படி செய்யுங்கள். உருண்டைத் தக்கையை இழுக்கச் சிறு மீனுக்குப் பலம் போதாது, இரையைத் துப்பிவிடும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளைகள் தின்பண்டம் தொடக்கூடாது.

கடையில் வாங்கும்போது குழந்தையையும் அழைத்துப் போங்கள். கட்டைவிரல் பொத்தானை எட்டுகிறதா, முழுதும் அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சைத் தேய்த்தால், விரிசல் இருந்தால் பஞ்சு பற்றிக்கொள்ளும். அந்த வளையம் நரம்பை அறுத்துவிடும்.

இனி, முப்பது வருடத்திற்கு மேல் ரயில்வேயில் இருந்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். நம் நாட்டு அகல ரயில்பாதைகள் இன்று ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. பாதைக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை. இரண்டு மீட்டருக்குள் நெருங்கவே கூடாது என்பதுதான் விதி. கணக்குப் பாருங்கள். லெவல் கிராசிங்கில் கம்பி சுமார் ஐந்தரை மீட்டர் உயரம். ஒன்பது அடிக் கோல் 2.7 மீட்டர். குழந்தை கையைத் தூக்கிக் கோலை நிமிர்த்திப் பிடித்தால் கையின் உயரம் 1.3 மீட்டர் என்று வைத்தாலும், நுனி நான்கு மீட்டரை எட்டிவிடும். மிச்சம் ஒன்றரை மீட்டர்தான்! என் பேரன் அன்று அந்தக் கோலைக் கொடி போலப் பிடித்துக்கொண்டு கிராசிங்கை நோக்கி ஓடினான். நான் கத்திய கத்தலில் கேட் அருகில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கோலை மறுநாளே பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

ஆகவே கோலைக் கழற்றிப் பையில் போட்டே எடுத்துச் செல்லுங்கள். மூங்கில் என்றால் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். ஈரக்கோலும் ஈர நரம்பும் எந்தப் பொருளில் செய்ததானாலும் ஆபத்தே. குளத்தின் மேல் மின்கம்பி போனால் வேறு குளம் பாருங்கள். கரை போட மண் எடுத்த பாதையோரப் பள்ளங்களில் மீன் நிறைய இருக்கும், ஆனால் அங்கே போகவே வேண்டாம். பாதையில் அத்துமீறி நுழைவது குற்றமும்கூட.

மற்றபடி, குளத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள், டிக்கெட் உண்டென்றால் வாங்குங்கள். பாசி படிந்த படித்துறையில் குழந்தையை இறக்காதீர்கள். ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தைகள் என்பதே அதிகம். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். இன்னும் கொஞ்ச நேரம் என்று அவர்கள் கேட்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

என் பேரன் ஆறு மாதம் கழித்து, ஐந்தடி ஃபைபர் கோலும் பொத்தான் ரீலுமாகத் திரும்பி வந்தான். முதல் மீன் ஒரு விரல் நீளப் புட்டி. அதை விட்டுவிட்டு, "நானே வீசினேன் தாத்தா" என்றான்.