ஓட்டு கேட்டு வர்றவர்கிட்ட நாம என்ன கேட்கணும்?

தேர்தல் வந்தாச்சுன்னா வாசலுக்கு வாசல் கும்பிடு, கையில் ஒரு நோட்டீஸ். "உங்க வீட்டுப் பிள்ளையா நினைச்சு ஓட்டு போடுங்க"ன்னு சொல்லிட்டு வேட்பாளர் அடுத்த வீட்டுக்குப் போயிடுவார். தெருவுக்குத் தண்ணீர் ஒழுங்காக வர அவர் என்ன செய்யப் போகிறார்? அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

செல்போனில் எதைப் பார்க்கலாம்?

வேட்பாளரின் பின்னணியை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றைப் படிவம் 26-ல் உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை நீங்களே படிக்கலாம்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. கட்சிகளின் தேர்தல் அறிக்கை இருக்கிறதே என்பீர்கள். வாக்குறுதிக்கான காரணத்தையும், பணம் திரட்டும் வழியையும் அதில் சொல்ல வேண்டும் என ஆணையத்தின் வழிகாட்டுதலும் இருக்கிறது. ஆனால் அது மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. உங்கள் தெரு அதில் வராது.

ஊராட்சியில் இது இன்னும் முக்கியம்

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கின்றன. அதனால் கட்சி அறிக்கையும் கிடையாது. வேட்பாளர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

குடிநீர், தெருவிளக்கு, வடிகால், சாலை, சுடுகாடு என எல்லாமே ஊராட்சியின் பொறுப்பு. கையில் இருக்கும் நிதியில் எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் முடிக்க முடியாது. அதனால் "எல்லாம் செஞ்சு தர்றேன்" என்பது பதிலே இல்லை. எதை முதலில், எதை அடுத்து என்பதுதான் நிலைப்பாடு.

சொல்வது வேட்பாளருக்கும் நல்லது. ஏரிக்கரை ஆக்கிரமிப்பை அகற்றப் போகும்போது எதிர்ப்பு வந்தால், "இதைச் சொல்லித்தானே ஓட்டு கேட்டேன்" என்று அவர் தைரியமாக நிற்கலாம். சொல்லாமல் ஜெயித்தவருக்கு அந்தப் பலம் இருக்காது. பிறகு நிலைமை மாறி முடிவை மாற்றினாலும், ஏன் மாற்றினேன் என்று மக்களிடம் விளக்க வேண்டியிருக்கும்.

எப்படிக் கேட்பது?

1. தெருக்காரங்க நாலு பேர் சேர்ந்து பேசி, மூன்று கேள்விகளை முடிவு பண்ணுங்க.

2. எல்லா வேட்பாளரிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்க. அப்போதுதான் ஒப்பிட முடியும்.

3. "செய்வேன்" என்றால் விடாதீங்க. எப்போது, எந்த நிதியில், முதலில் எந்தத் தெருவில் என்று கேளுங்க.

4. பதிலைத் தேதியோடு எழுதி வையுங்க. செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்க.

5. தேர்தல் முடிந்ததும் அதைத் தூக்கிப் போடாதீங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். அங்கே எடுத்துக் காட்டுங்க.

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சண்டையும் இல்லை. ஐந்து ஆண்டு வேலைக்கு ஆள் எடுக்கும் நாம், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அதற்கு முன் ஒரு வேலை: வாக்காளர் பட்டியலில் உங்க பெயர் இருக்கான்னு இன்றே பார்த்திடுங்க. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.